வெள்ளைத்தாய் வாசலில் போட்ட கோழி

பாளையம்பட்டி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷெரினுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், மேகம் கறுத்தால் மட்டும் அவருக்கு முழங்கால் வலி வந்துவிடுகிறது, மழைதான் வரமாட்டேன் என்கிறது. அங்கே நீயும் கிறிஸ்டோ மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற எங்கள் சின்ன ஆளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்தோணியாரை நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீயும் அழுவாய், ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி அழக்கூடாது. பாலவனத்தம் சதீஸ்குமார் லீவு முடிந்து தோகாவுக்குத் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன், அவன் கையில் சுக்குப்பொடியும் மாப்பிள்ளைக்குக் கருவாடும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதையும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் ஒரு கோழிகூட இல்லை தாயி. பதினொன்றும் போய்விட்டது. நீ கோழியைக் காட்டும்மா என்று கேட்கும்போதெல்லாம் மேயப் போயிருக்கு, அடைஞ்சிருச்சு என்று ஏதாவது சொல்லி மூன்று வாரமாக முருங்கை மரத்தையே காட்டிக்கொண்டிருந்தேன். நீயும் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ டீச்சர் என்று பெயர் வைத்தாயே, வராந்தாவில் நிமிர்ந்து நிமிர்ந்து நடக்குமே அந்தப் புள்ளிக்கோழி, அதுதான் முதலில் போனது. கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றது, பச்சையாகக் கழிந்தது, மறுநாள் கழுத்து முறுக்கிக்கொண்டது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து ஊட்டினேன், மோரில் சீரகம் போட்டுக் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் இரண்டு, அதற்கு அடுத்த நாள் ஒன்று. என்ன நோய், எங்கிருந்து வந்தது, ஒன்றும் விளங்கவில்லை. உன் பேறுகாலத்துக்கு என்று நான் ஒரு முட்டைகூட விற்காமல் அடைவைத்துப் பெருக்கிய கோழிகள். நீ கிறிஸ்மஸுக்கு வந்து பிள்ளை பெற்று எழுந்திருக்கும்வரை வாரம் இரண்டு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சாகாமல் நின்றது அந்தச் சிவப்புச் சேவல் ஒன்றுதான். அந்தச் சேவலைப் பற்றியும் உன்னிடம் சொல்லவில்லை. போன வருஷம் உனக்குத் தங்காமல் போனதே, அதனால் இந்தத் தடவை நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் சேவல் கொண்டுவந்து விடுகிறேன் என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். வேற்று நிறம் ஒரு இறகுகூட இருக்கக்கூடாது என்று சந்தையில் தேடித் தேடி வாங்கினேன். புதிதாக வாங்கும் கோழியைப் பத்து நாளாவது தனியே கூடையில் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா, ஊருக்கே நான்தான் சொல்வேன். ஆனால் இது சாமிக்கு விட்டது, இதைப் போய்க் கூடையில் கவிழ்ப்பதா என்று வந்த அன்றே கூட்டுக்குள் விட்டேன், அதுவும் மாப்பிள்ளை போல உள்ளே நடந்து போனது. எல்லாம் சாகும்போது அது மட்டும் நின்றதைப் பார்த்து அந்தோணியார் உன் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார் என்று சந்தோஷம்கூடப் பட்டேன், என் புத்தியை என்ன சொல்ல.

இனிமேல் எழுதப் போவதுதான் எழுதக் கை வராதது. நான்கு கோழி செத்த அன்று காலையில் எனக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய்மேல் சந்தேகம் வந்துவிட்டது. போன மாதம் நம் கோழிகள் அவள் கீரைப்பாத்தியைக் கிளறிவிட்டதற்கு, இதுகளுக்கு ஒரு நாள் இருக்கு என்று கத்தினாள், அதை மனதில் வைத்திருந்தேன் போல. செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் போட்டேன். டவுன் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பார்க்க, மருந்து வச்சுக் கொன்னுட்டியேடி, எம் மக வயித்துப் பிள்ளைக்குன்னு வளத்ததைக் கொன்னுட்டியே என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன் மகளே. உன் சின்ன வயதில் எனக்கு டைபாய்டு வந்தபோது பதினேழு நாள் உன்னைத் தன் பாயில் படுக்க வைத்தவள் அவள். ஷெரினு எனக்கும் பிள்ளைதான்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே உன் அப்பா செத்த கோழி ஒன்றைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டரம்மா அறுத்துப் பார்த்துவிட்டு, விஷம் மாதிரித் தெரியலையே, புதுசா எதுவும் கோழி வாங்கிச் சேத்தீகளா என்று கேட்டிருக்கிறார். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளைநோயாக இருக்கலாமாம், சோதனைக்கு அனுப்பியிருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை, வந்தால்தான் உறுதி. முன்பே தடுப்பூசி போட்ட சேவல் என்றால் தனக்கு ஒன்றும் ஆகாமல் நோயை மட்டும் கொண்டுவந்து சேர்க்கும் என்றாராம். செத்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும், வேற வீட்டுப் பக்கம் கொண்டே போகக்கூடாது என்றும் சொன்னாராம். உன் அப்பா அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

நான் கத்திவிட்டு வந்த எட்டாம் நாள் வெள்ளைத்தாய் அவள் வீட்டு வேப்பமரத்தடியில் குழி தோண்டுவதை உன் அப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். அவளுடைய மூன்று கோழியும் போயிருந்தன. நான் அவள் வாசலில் கோழியைப் போட்டேன், அவள் ஒரு கோழியைக்கூட என் வாசலில் கொண்டுவந்து போடவில்லை. அப்போதாவது நான் போயிருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று இரண்டு வாரம் குழாயடியில்கூட அவள் வரும் நேரம் பார்த்து ஒதுங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளைத்தாய் சித்திகிட்டப் பேசுனேம்மா, நம்ம கோழியெல்லாம் கொழுத்துத் திரியுதாம், அவுக கோழி மூணையும் எனக்குன்னே விட்டுருக்காகளாம் என்று சிரித்தாய். நான் சிக்னல் இல்லை என்று போனை வைத்தேனே, சிக்னல் இருந்தது. நீ பயந்துவிடக் கூடாது என்று நான் சொன்ன பொய்யையே, நான் அத்தனை பேர் முன்னால் அசிங்கப்படுத்திய மனுஷியும் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மூன்றும் உனக்கென்று விட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நேற்று விடிந்ததும் போனேன். அவள் வாசலில் காலோடு நோய் ஒட்டி வராமலிருக்கச் சுண்ணாம்பு தூவியிருந்தது, அதைத் தாண்டாமல் நின்று, வெள்ளைத்தாயி, நாந்தேன் கொண்டாந்து போட்டேன் என்று அழுதுவிட்டேன். அவள், அழுவுறதை உள்ள வந்து அழுவுங்கக்கா, சுண்ணாம்பை மிதிச்சிட்டு வாங்க என்றாள். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத் திட்டினாள் பார், மூன்று வாரத்துத் திட்டும் மொத்தமாக, எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

சேவல் பழைய குளியலறையில் தனியாக அடைபட்டுக் கிடக்கிறது. கோவிலில் கேட்டதற்கு, சேவலைக் கொண்டாந்து ஊருக்கே ஒட்ட வச்சிராதீக, பிள்ளை பிறந்ததும் பத்துப் பேருக்குச் சோறு போடுங்க என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். கூட்டைக் கழுவிக் காயப்போட்டாகிவிட்டது, மாசிவரை புதுக் கோழி விடமாட்டேன். உன் பேறுகாலத்துக்குக் கோழி எங்கே வாங்குவது என்பதை வெள்ளைத்தாய் பார்த்துக்கொள்வாளாம், என்னை நம்பமாட்டாளாம்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, தண்ணீர் கேனை நீ தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். அந்தோணியார் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருப்பார். இன்னொன்று, இந்தக் கடிதம் படித்ததை வெள்ளைத்தாயிடம் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கோழியெல்லாம் கொழுத்துத் திரியுது என்று அவள் மறுபடியும் சொல்வாள். சந்தோஷம் சித்தி, வந்து சாப்பிடுறேன் என்று சொல்லிவிடு.

உன் பாசமுள்ள அம்மா,
ஞானப்பூ