நாப்பத்தொரு கையும் ஒரு விரலும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் உங்க அப்பாவும் சௌக்கியம், அவரோட முட்டியைத் தவிர. நீ, மருமக, என் பேத்தி மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். பேத்திக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்த போட்டோ வந்துச்சு, அப்படியே நீதான், பல்லு இல்லாமலே என்னா திமிரு. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம்ம சமையலறைச் சுவர் ஊறிப்போச்சு, உங்க அப்பா அதுக்கடியில ஒரு பக்கெட்டை வெச்சுட்டு, ஏதோ அணை கட்டின மாதிரி வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசிக்கிட்டு இருக்கார். சரி, நலம் விசாரிச்சாச்சு. இனிமே எழுதப்போறது பூரா கோபம். அதனால ஒரு இடமா உக்காந்து படி, ஆபீஸுக்கு நடந்துக்கிட்டே படிக்காதே.

போன வாரம் போன்ல ஃபேன் கம்பெனி ஷேரைப் பத்தி நான் வாயைத் திறந்ததுமே, அது சில்லறைம்மா, விட்டுத்தள்ளு, அதைப்போல ரெண்டு மடங்கு நான் அனுப்பறேன்னு சொன்னே பாரு, அதுக்கு மேல உன்கிட்ட பேசப் பிடிக்கலை. அதான் போனை அப்பாகிட்ட குடுத்துட்டேன், அவரும் உன்கிட்ட மழையைப் பத்திப் பேசி முடிச்சார். நான் உன்கிட்ட பணம் கேட்டேனாடா? உனக்குத் தெரியாத கதை இல்ல, ஆனா தெரிஞ்சவன் மாதிரி நீ பேசலை, அதனால முதல்ல இருந்தே சொல்றேன், கேட்டுக்கோ. அந்த ஃபேக்டரியில வைண்டிங் செக்‌ஷன்ல இருபத்தாறு வருஷம் இருந்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்துற வேலை, ஒரு சுத்து குறைஞ்சாலும் ஃபேன் சூடாகி எரிஞ்சுபோகும், அதனால வாய்க்குள்ளேயே எண்ணிக்கிட்டு இருப்போம், பக்கத்துல இடி விழுந்தாலும் நிமிர மாட்டோம். நீ ஆறாவது படிக்கும்போது கம்பெனி முழுகப்போகுதுன்னு சொல்லி, ஒன்றரை வருஷம் எங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கைப் பிடிச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா ஷேர் பேப்பர் குடுத்தாங்க. அன்னைக்கு அமைச்சரா இருந்தவர் நேர்ல வந்து, கேன்டீன் பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டு, இனிமே நீங்க தொழிலாளிங்க இல்ல, நீங்கதான் முதலாளிங்கன்னு முழங்கினார். கீழ இறங்கி என் கையைப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நின்னார். கம்பி அறுத்த விரல்ல நான் பிளாஸ்திரி சுத்தியிருந்தேன், அது நல்லா தெரியுற மாதிரி பிடிங்கன்னு போட்டோக்காரன்கிட்ட சொன்னார். அந்த வருஷக் கணக்குப் புத்தகத்துக்கு என் கைதான் அட்டைப்படம். அதே வருஷம்தான் உன் ஸ்கூல் ஷூவோட முன்பக்கத்தை அப்பா பிளேடால வெட்டிவிட்டு, விரல் வெளிய தெரிய அதையே இன்னொரு வருஷம் ஓட்டினோம். உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, எனக்கு இருக்கு.

அந்த ஃபேக்டரியைச் சுத்தி ஊர் வளர்ந்து இப்ப அது நட்ட நடு ஊர்ல நிக்குது. நாலு வருஷம் முன்ன பெரிய கம்பெனி ஒண்ணு முக்கால்வாசி ஷேரை வாங்கிடுச்சு. அவங்களுக்கு ஃபேனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், மண்ணுதான் வேணும். மண்ணை வித்தா எங்களுக்கும் பங்கு தரணுமே, அதனால விக்கிறதுக்கு முன்னாடியே எங்களைக் கழிச்சுக்கட்டணும். எங்க ஷேரை ரத்து பண்ணி, அவங்க வெச்ச ஆளே மதிப்புப் போட்டு, பழைய மெஷினுக்கும் துருப்பிடிச்ச ஷெட்டுக்கும் என்ன விலையோ அதைக் கையில குடுத்து வாசலைக் காட்டுறாங்க. அன்னைக்கு நாங்க சம்பளத்துல விட்டதுல பாதிகூடத் தேறாது. அதுக்கு வந்த கடிதாசியில எங்களுக்கு என்ன பேரு தெரியுமா, இதர பங்குதாரர்கள். முதலாளின்னு சொல்லி வெச்ச வாய் எங்க போச்சுன்னு கேக்குறியா? அந்த மனுஷன் இப்ப அதே கம்பெனியில டைரக்டர்! எங்களை வெளியேத்த வழி பண்ற சட்டம் வந்ததும் அவர் பதவியில இருந்தப்பதான். வேலியே பயிரை மேயுதுன்னு சொல்வாங்க, இங்க மேஞ்ச வேலி கூலியும் சேர்த்துக் கேக்குது.

எதிர்க்கட்சியில இருந்தப்ப எங்க கேட் முன்னாடி தொண்டை கிழியக் கத்தின இன்னொரு மகராசன் இருந்தாரே, அவர் இப்ப ஆட்சியில இருக்கார். அவரையும் போய்ப் பார்த்தோம். எட்டு பேர் மூணு மணி நேரம் வராந்தாவுல நின்னோம். வெளிய வந்தவர் மனுவை வாங்காமலே, அது தனியார் விஷயம், அரசு தலையிட முடியாதுன்னுட்டு கார்ல ஏறிட்டார். அவர் கத்தும்போது அது தனியார் விஷயமா இல்லையாம். யார் வந்தாலும் நாற்காலி ஒண்ணுதான், உக்கார்ந்ததும் காது மட்டும் கேக்காம போயிடுது.

ஆனாலும் எங்களுக்கு ஒரு பிடி இருந்துச்சு. சின்னப் பங்குதாரர்கள்ல ஓட்டுப் போடுறவங்கள்ல பாதிக்கு மேல சம்மதிச்சாத்தான் அந்தத் தீர்மானம் செல்லும். கூட்டத்தை முன்ன எல்லாம் கேன்டீன்ல நடத்துவாங்க, இந்தத் தடவை கம்ப்யூட்டர்லதான்னு சொல்லிட்டாங்க. எங்க சங்கத்துக்கு முப்பது வருஷம் செயலாளரா இருந்த வெண்கலம், அதாண்டா, அவர் குரல் கேட்டா நீ கட்டிலுக்கு அடியில ஓடுவியே, அவர் வீட்டு ஹால்லதான் எல்லாரும் கூடினோம். நாப்பத்தொரு பேர், ஒரே கம்ப்யூட்டர். நாற்காலியில, தரையில, மாடிப்படியில. காலையில பதினோரு மணிக்கு திரையில கோட்டு போட்ட கம்பெனிச் செயலாளர் ஒருத்தர் படிக்க ஆரம்பிச்சார், மூலையில நம்ம அமைச்சர் கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தார். வெண்கலம் இங்க இருந்து போட்ட சத்தத்துக்குத் தெருவே எழுந்து வந்துடுச்சு, அந்த செயலாளர் மட்டும் அசையலை. எங்க சத்தத்தை அவங்க அங்கேயே அணைச்சு வெச்சிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எங்க ஷேரை ரத்து பண்ற ரெண்டாவது தீர்மானம் வந்துச்சு, வாக்களிக்கலாம்னு அவர் சொன்னதும் வெண்கலம் எழுந்து நின்னு, எதிர்க்கிறவங்க கையைத் தூக்குங்கன்னார். வருஷக்கணக்கா பழகினது இல்லையா, சொல்லி முடிக்கும்முன்ன எல்லாக் கையும் மேல. உங்க அப்பா உற்சாகத்துல ரெண்டு கையையும் தூக்கிட்டார், ஒண்ணை நான்தான் இழுத்து இறக்கினேன். எங்க வழக்கப்படி வெண்கலம் வாசல்ல இருந்து ஒரு தடவை, ஜன்னல்ல இருந்து ஒரு தடவை எண்ணினார். நாப்பத்தொண்ணு. கை தட்டினோம், டீ குடிச்சோம், ஜெயிச்சுட்டோம்னு வீட்டுக்கு வந்தோம்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, கை தூக்கினது கணக்குல வராதாம், அவனவன் தன் நம்பரைப் போட்டுக் கம்ப்யூட்டர்லயோ போன்லயோ பட்டனை அழுத்தணுமாம். கடிதாசியோட பதினேழாவது பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்காம். போதாக்குறைக்கு அந்தக் கம்ப்யூட்டர் கேமரா மேல வெண்கலம் சம்சாரம் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருந்தாங்க, யாராவது எட்டிப் பார்த்துடுவாங்கன்னு பயம். நாங்க யாருக்குக் கையைத் தூக்கினோம் சொல்லு? சிரிக்காதே. நாங்க சிரிச்சுட்டோம், நீ சிரிக்கக் கூடாது. எங்க கூட்டத்துல யாருமே ஓட்டுப் போடாத கணக்கு. வெளியூர்ல இருக்கிற சின்னப் பங்குதாரர்கள்ல சம்மதம்னு பத்தொன்பது, எதிர்ப்பு ஆறு. தீர்மானம் நிறைவேறிடுச்சுன்னு பேப்பர்ல போட்டுட்டாங்க.

எனக்கு மனசு ஆறலை. கம்பெனி ஆபீஸுக்கு பஸ் ஏறிப் போய், ஓட்டு விவரம் காட்டுன்னு நின்னேன். பங்குதாரர் கேட்டா காட்டித்தான் ஆகணும். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணு, ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு லிஸ்ட்டைக் குடுத்தா. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு விரலை வெச்சு வரி வரியா பார்த்துக்கிட்டே வந்தேன். நம்ம நம்பர் வந்துச்சு. அதுக்கு நேரா சம்மதம்னு இருந்துச்சு. தப்பா இருக்கும், நல்லா பாரும்மான்னேன். அவ கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துட்டு, இல்லம்மா, முதல் பேர்ல இருக்கிறவர் போன்ல இருந்து போட்டிருக்கார், திறந்து ஒரு நிமிஷம்கூட ஆகலை, உடனே அழுத்திட்டார்னு சொன்னா.

நீ வெளிநாடு கிளம்பின வருஷம் அந்த ஷேர்ல உன் பேரை முதல்ல போட்டு என் பேரை ரெண்டாவதா மாத்தினது நான்தான். பிள்ளைக்குத்தானே போகப்போகுதுன்னு ஒரு பெருமை. ரெண்டாவது பேருக்கு ஓட்டு இல்லைன்னு அன்னைக்கு யார் கண்டா. அப்ப நான் தூக்கின கையும் வெறும் கைதான். நீ வேணும்னு பண்ணலை, எனக்குத் தெரியும். பஸ்ஸுல நின்னுக்கிட்டோ, லிஃப்ட்ல போய்க்கிட்டோ, ஏதோ மெசேஜ் வந்துச்சு, பளபளன்னு ஒரு பட்டன் இருந்துச்சு, தொலையட்டும்னு அழுத்தியிருப்பே. ஆனா அவங்க நம்பினதே அதைத்தான்டா. பதினேழு பக்கத்தை ஒருத்தனும் படிக்க மாட்டான், சில்லறைன்னு நினைச்சு அழுத்திடுவான்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தாங்க, என் பிள்ளை நீயே அந்தக் கணக்குல போய் உக்கார்ந்துட்டே. வந்த கோபத்துல அன்னைக்கு உங்க அப்பாகிட்டகூட நான் பேசலை, பாவம், அவர் என்ன பண்ணார்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தீர்ப்பாயத்துல முறையிட ஒரு வக்கீலம்மா கிடைச்சிருக்காங்க, ஃபீஸ் பத்தி அப்புறம் பேசலாம்னு சொல்ற அபூர்வப் பிறவி. போன வெள்ளிக்கிழமை வெண்கலம் வீட்டுல எங்களை எல்லாம் வெச்சுக்கிட்டு அவங்க சொன்னது இது. ஓட்டுப் போடலைன்னு நீங்க சொன்னா, அது உங்க தப்புன்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க. ஆனா, சம்மதம்னு அழுத்தின ஒருத்தர், எனக்கு ஒண்ணும் விளங்கலை, இது எங்க ஷேரைப் பிடுங்குற பட்டன்னு அந்த மெசேஜ்ல எங்கேயும் தெளிவா சொல்லலைன்னு தன் கைப்பட எழுதிக் குடுத்தா, அந்த ஒரு கடிதம் உங்க நாப்பத்தொரு கையெழுத்தைவிடப் பெரிசு, அப்படி யாராவது உங்கள்ல இருக்காங்களான்னு கேட்டாங்க. வெண்கலம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, அப்படிப்பட்ட ஆளு நம்ம கூட்டத்துல ஒருத்தர்கூடக் கிடையாதும்மான்னார். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. உங்க அப்பா தலைக்கு மேல ஓடின ஃபேனையே பார்த்துக்கிட்டு இருந்தார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இருபத்தாறு வருஷம் அவங்களோட ஒரே மேஜையில உக்கார்ந்தவ, வாயைத் திறக்கலை. பிள்ளையைக் காட்டிக்குடுக்க மனசு வரலைடா.

அந்த வெக்கத்தோட என்னால இருக்க முடியலை. வர்ற மாசம் முதல் வெள்ளிக்கிழமை மறுபடியும் கூடுறோம். அன்னைக்கு நான் எழுந்து நின்னு, அப்படி ஒருத்தன் இருக்கான், அவன் என் மகன்தான்னு சொல்லப்போறேன். உன் கடிதம் என் கையில இருந்தாலும் சொல்வேன், இல்லாட்டியும் சொல்வேன். இருந்தா, சொல்லிட்டு அதையே எடுத்து நீட்டுவேன். இல்லாட்டி, சொல்லிட்டு உக்கார்ந்துக்குவேன்.

வக்கீலம்மா குடுத்த வெள்ளைத்தாளை உள்ள வெச்சிருக்கேன். கையெழுத்துப் போடற இடத்துல பென்சில்ல புள்ளி வெச்சிருக்கேன். உன் ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டு ஜோடிச்சு எழுதாதே, நடந்ததை நடந்த மாதிரி எழுது, படிக்காம அழுத்திட்டேன்னு எழுத வெக்கமா இருந்தா அதையும் சேர்த்து எழுது. பணம் அனுப்பாதே, அனுப்பினா திருப்பி அனுப்புவேன்.

பேத்திகிட்ட, புது பல்லு முளைக்கும்போது நாக்கால தள்ள வேண்டாம்னு சொல்லு, கோணலா வரும். மருமகளைக் கேட்டதா சொல்லு, அவளுக்கு என் மேல கோபம் வந்தா பாதியை நான் ஏத்துக்கறேன்னும் சொல்லு. நீங்க மூணு பேரும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாம, யாருக்கும் தலைகுனியாம வாழணும். இனிமே போன்ல எது வந்தாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டு விரலை வை.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரெண்டாவது பேர்.