யார்க் வந்துவிட்டதா?

மார்ச் 11, செவ்வாய்.

நான் பார்த்துக்கொள்ளும் ஆங்கிலேயப் பெரியவரின் அறையில் ஒரு படம் இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகர வாசலில் ராஜா ஒருவர் குதிரையில் நுழைகிறார். பழைய ரயில் பெட்டியில் இருக்கைக்கு மேலே மாட்டியிருந்த படமாம். ஞாபகம் தவறிய பிறகு, அதன் எதிரே உட்கார்ந்தால் ரயிலில் போவதாகவே நினைக்கிறார்.

"யார்க் வந்துவிட்டதா, சிஸ்டர்?" தினமும் இதே கேள்விதான்.

இன்று குளிக்க எழுந்திருக்க மாட்டேன் என்றார். "வந்துவிட்டது, இறங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன். உடனே எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "மேரி பிளாட்பாரத்தில் நிற்பாள்" என்றார். அவர் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. கதவருகிலேயே நின்றார். "மேரி அடுத்த ரயிலில் வருவார்" என்று நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

துபாய் சத்வா பகுதியில் நாங்கள் தங்கும் ரூமுக்கு வந்து, கூட இருக்கும் ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன்.

"நல்லதுக்குத்தானே சொன்ன, விடு மக்கா."

விட முடியவில்லை. நாளை டியூட்டிக்குப் போனதும், அந்த அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்றுதான் பெரியவர் கேட்பார்.