நீலத்தின் மேல் சிவப்பு

மேற்கு வர்ஜீனியா
அக்டோபர், ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் லொரீனுக்கு அம்மா ஆர்ஃபா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. என் வீட்டை விலை பேச ஆள் அனுப்புகிறவள் நலமாகத்தான் இருப்பாள்.

அந்த ஆள் வியாழக்கிழமை வந்தான். பளபளவென்று ஷூ. முற்றத்துச் சேற்றிலேயே நிற்கவைத்துப் பேசினேன். "நீங்க ஒஹையோவுக்குப் போறதா உங்க பொண்ணு சொன்னாங்களே" என்றான். "அவ பதினாறு வயசுல ட்ரக்கை ஓடைக்குள்ள விட்டுட்டு வந்தும், ஒண்ணும் ஆகலைன்னுதான் சொன்னா" என்றேன். போய்விட்டான். அட்டைப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு நீ வருவதாக எழுதியிருக்கிறாய். பெட்டிகளை உன் வீட்டிலேயே வை. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து என்று தாண்டித் தாண்டிப் படிக்காதே.

துப்பாக்கி கிளப்பின் செப்டம்பர் போட்டியில் என் பிஸ்டல் சிக்கியது உண்மை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் ஈயக் குண்டும் அடைத்து நான் வீட்டில் செய்த தோட்டா குழலுக்குள் முழுதாக இறங்காமல் பாதியில் நின்றது. உள்ளங்கையால் தட்டினேன். அசையவில்லை. அதை எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றினால் அதுவும் அப்படியே. டென்சில் காட்ரில் பின்னாலிருந்து, "ஆர்ஃபா, வீட்ல உக்காந்து சாக்ஸ் பின்னு. தோட்டா செய்யக் கை வேணும், உனக்கு இருக்கிறது ரெண்டு துண்டு ஜெல்லி" என்றான். கிளப் முழுக்கச் சிரித்தது. சிரித்த ஒவ்வொரு வாயும் எனக்கு நினைவிருக்கிறது.

கிளப் செயலாளர் ஹார்லி, நான் தூக்கி வளர்த்த பிள்ளை, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "ஆர்ஃபா அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த போட்டிக்கு முன்னாடி உங்க தோட்டா எல்லாத்தையும் வெறும் குழல்ல போட்டுக் காட்டணும். ஒண்ணு நின்னாலும் இனிமே கடைத் தோட்டாதான்" என்றான். கடைத் தோட்டாவோடு போய் நிற்பது, கடை கேக்கை சர்ச் விருந்தில் வைத்து நான் செய்தது என்பது போல. அன்று மாலையே டென்சிலின் மனைவி வெர்லீன் உனக்குப் போன் போட்டிருக்கிறாள். உடனே உன் கடிதம்: கை நடுக்கம், தனியாக இருக்காதே, வீட்டை விற்றுவிடலாம். அதாவது ஒரு தோட்டா நின்றால் என் கை போச்சு. கை போச்சென்றால் வீடு போச்சு.

ஒன்று சொல்கிறேன். நானே என் கையைச் சந்தேகப்பட்டேன். அப்படிச் சந்தேகப்பட வைத்ததற்காகவும் டென்சிலை மன்னிக்க மாட்டேன்.

பிஸ்டலைப் பிரித்து, குழலை மட்டும் சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தேன். நல்ல தோட்டா குழலில் 'டொக்' என்று விழும், கவிழ்த்தால் தானாக வெளியே வரும். பல விழுந்தன, சில நின்றன. முதலில் கூட்டின் வாயைப் பார்த்தேன். ஈயக் குண்டை உட்காரவைக்க வாயைக் கொஞ்சம் அகட்டுவோம், பிறகு அழுத்தி மூட வேண்டும். மூட மறந்தால் அந்த விளிம்பு தடுக்கும். நகத்தால் தடவினேன், வழவழப்பாக இருந்தது. அடுத்து, குண்டு அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நல்லதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒரே உயரம். கடைசியில், உன் மகன் வெஸ்லி விட்டுப்போன கறுப்பு மார்க்கரால் ஒரு தோட்டா முழுக்கப் பூசி, குழலுக்குள் திருகி எடுத்தேன். எங்கே உரசுகிறதோ அங்கே மை போய்விடும் அல்லவா?

குண்டின் மூக்கில் மை இருந்தது. கூட்டின் வாயிலும் இருந்தது. அடியில், விளிம்புக்குச் சற்று மேலே, ஒரு பக்கத்தில் மட்டும் பித்தளை மின்னியது. அங்கே கூடு பிதுங்கி வயிறு வைத்திருந்தது. சுட்ட கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் என் பிரஸ்ஸின் அச்சு அவ்வளவு கீழே இறங்காது, அதனால் அந்த வயிறு அமுங்கவில்லை. ஆனால் என் பிஸ்டல் கூட்டை அடிவரை இறுக்கிப் பிடிக்கிற ஜாதி. அதில் சுட்ட கூடு எதற்கும் வயிறு வந்ததில்லை.

அப்படியானால் அது யாருடைய கூடு?

எங்கள் கிளப் வழக்கம் உனக்குத் தெரியும். சுட்டபின் தரையில் சிதறும் கூடுகளை அவரவர் பொறுக்கிக்கொள்ள, அடிப்பாகத்தில் அவரவர் நிறத்தில் கோடு போட்டிருப்போம். என்னுடையது சிவப்பு. நின்ற தோட்டாக்களின் சிவப்பைத் துடைத்தேன். அடியில் பொறித்த எழுத்துகளின் பள்ளத்தில் நீலம் இருந்தது. நீலம் டென்சிலுடையது.

நீலத்தின் மேல் சிவப்பு எப்படி வந்தது என்று கேட்பாய். நான்தான் பூசினேன். ஆகஸ்டில் மழை கொட்டியபோது எல்லாரும் கொட்டகைக்கு ஓடினார்கள். நான் என் தொப்பி நிறைய டென்சிலின் கூடுகளை அள்ளினேன். ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம், என் கூடுகளை அவன் துடைப்பத்தால் கூட்டி எடுத்துக்கொண்டு, "கீழ விழுந்தது காத்துக்குச் சொந்தம்" என்றானே, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். அவனுடைய பிஸ்டல் அடியில் தொளதொளவென்று இருப்பதால் கூடு அங்கே வயிறு தள்ளிவிடுகிறது. அது தெரியாமல் எடுத்துத் தொலைத்தேன்.

இப்போது என்ன செய்வது? வயிறு வைத்ததை ஒதுக்கிவிட்டால் மிச்சமெல்லாம் 'டொக்'தான், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் செப்டம்பரில் சிக்கியது ஜெல்லிக் கையால்தான் என்ற பேச்சு ஊரில் அப்படியே இருக்கும், உன் தலையிலும் இருக்கும். உண்மையைச் சொன்னால் அடுத்தவர் கூட்டைத் தொட்டவள் ஆவேன். எங்கள் கிளப்பில் அதற்குச் சுடுகளத்துக் கேட் சாவியைப் பிடுங்கி, சுடவிடாமல் செய்வார்கள். பீன்ஸ் வேகிற வரைக்கும் யோசித்தேன். நல்ல கையுள்ள திருடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

நேற்று எல்லார் முன்னிலையிலும் என் தோட்டாக்களைக் குழலில் போட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. "போதும் அத்தை, எல்லாம் சரியா இருக்கு" என்றான் ஹார்லி. "எனக்குப் போதாதுடா" என்று, வயிறு வைத்தவற்றைத் தனியே போட்டுக் கொண்டுபோயிருந்த காபி டப்பாவை மேஜையில் கவிழ்த்தேன். "போன தடவை சிக்கினது இதுங்கதான். டென்சில், உன் நீலத்தை நான்தான் எடுத்தேன். வெள்ளத்து வருஷம் நீ எடுத்ததுக்குப் பதில். இப்போ ஒவ்வொண்ணோட வயித்தையும் பாரு, அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கு" என்றேன்.

டென்சில் பீட்ரூட் ஆகிவிட்டான். "திருடி! அவ வாயாலயே சொல்றா, எழுதிக்கடா ஹார்லி!" என்று குதித்தான். அதற்குள் வெர்லீன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "அப்போ அந்த வருஷம் நீ கூட்டி எடுத்தது நெஜமா? ஆர்ஃபா பொய் சொல்றான்னு என்னை சர்ச்ல அவளோட பேசவிடாம வெச்சியே மனுஷா!" என்றாள். இத்தனை வருஷம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது எதனால் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. இருந்தாலும் உனக்குப் போன் போட்டதை மன்னிக்கவில்லை.

ஹார்லி எங்கள் இருவரின் சாவியையும் வாங்கிக்கொண்டான். வசந்தம் பிறந்தபின் திரும்பத் தருவானாம். கொடுத்துவிட்டு, சுடாமலேயே வந்துவிட்டேன். எதற்காகச் சாவி போயிற்று என்று யாரை வேண்டுமானாலும் கேள். திருட்டுக்காக என்பார்கள். கைக்காக என்று ஒருவனும் சொல்ல மாட்டான். வயிறு வைத்தவற்றைப் பிரித்து, கூடுகளை இடுக்கியால் நசுக்கிப் போட்டுவிட்டேன்.

ஆகவே, வசந்தத்தில் சாவியை வாங்க நான் இங்கேதான் இருந்தாக வேண்டும். ஒஹையோவில் இருந்துகொண்டு கையை நீட்ட முடியாது.

இந்த உறைக்குள் என் வெற்றுக்கூடு ஒன்றை வைத்திருக்கிறேன். என்னுடையதேதான். அடியில் இருக்கிற சிவப்புக் கோட்டை இன்று காலை புதிதாகப் போட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார். நேராக இருந்தால் பெட்டிகளைக் கொளுத்திவிடு. நேராக இல்லை என்று தோன்றினால் அதைக் கடிதத்தில் எழுதாதே, வெர்லீனிடமும் சொல்லாதே. கையை வீசிக்கொண்டு வா, நாலு நாள் இரு. என் எதிரில் உட்கார்ந்து நீயே சொல்லு.

உன்னையும் வெஸ்லியையும் கடவுள் காப்பாற்றட்டும். என்னை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தன் வீட்டில் இருக்கும் உன் அம்மா,
ஆர்ஃபா