பேரில்லாத போத்தல்

பலெர்மோ
09.02.2014

அன்பு மச்சாள் ஞானம்பிகைக்கு,

நாகதம்பிரான் துணையால் இஞ்சை எல்லாரும் சுகம். போனில் கதைத்தால் மருமகள் சிவதர்சினி பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு என்றாலும் என் எழுத்தை விதானையாரே மெச்சினவர், உமக்குத் தெரியும்.

சண்டை முடிந்து இருந்த முகாமில் எங்கள் இருவருக்கும் ஒரே கிழமை வந்த காய்ச்சல். ஐந்து வருடமாகியும் அலுப்பும் நோவும் விட்டபாடில்லை. அதற்கு இஞ்சை மருந்து கிடைத்துவிட்டது! நான் வீடு துடைக்கும் சிஞ்ஞோரா எமிலியானாவுக்கும் இதே வருத்தம். டொக்டர்மார் கைவிட்ட ஏழு பேர் வியாழக்கிழமைகளில் அவவின் குசினியில் கூடுவார்கள். செத்த கிருமியில் செய்த தடுப்பு மருந்தை வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுத்து, தாங்களே அளவு பார்த்து, கிழமைக்குக் கிழமை கூட்டிப் போடுகிறார்கள். டொக்டருக்கும் சொல்வதில்லை. நடுங்காமல் ஊசி குத்தும் கை என்னுடையது மட்டும்தான். முகாம் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிமாருக்கு உதவி செய்து பழகினது. "பிராவா, பிராவா" என்கிறார்கள். அதனால் எனக்கும் ஓர் ஊசி.

இப்போது நாலு மாடியும் ஒரே மூச்சில் ஏறுகிறேன். பல்லரோச் சந்தையிலிருந்து பத்துக் கிலோ தூக்கி வருகிறேன். அப்பம்மா ஓடுகிறா என்று பேத்தி கைதட்டிச் சிரிக்கிறாள்.

உம்முடைய மச்சாள்
சிவபாக்கியம்


பரந்தன்
03.03.2014

அன்பு மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. பத்துக் கிலோவா? ஊரில் ஒரு கொத்து அரிசி தூக்க என் அண்ணனைக் கூப்பிட்ட ஆள் நீங்கள்! பகிடிதான், கோவிக்க வேண்டாம்.

போன கிழமை கிணற்றில் நாலு வாளி அள்ளிவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். "அம்மா, உங்களுக்கு வருத்தமில்லை, பஞ்சி" என்கிறாள் விஜிதா. பெற்ற மகளே நம்பாவிட்டால் நான் யாரிடம் போக?

எனக்கும் ஒரு போத்தல் அனுப்புங்கள் மச்சாள். இதுவரை உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அன்புடன்
ஞானம்பிகை


பலெர்மோ
27.03.2014

அன்பு மச்சாளுக்கு,

ஊருக்கு வரும் அல்பேட் தம்பியிடம் போத்தலைக் குடுத்து விடுகிறேன். ஐஸ் போட்ட பிளாஸ்கில் இருக்கும், வந்தவுடன் குளிர்ப்பெட்டியில் வையும். முதல் கிழமை ஊசியில் ஒரு கோடு, அடுத்த கிழமை இரண்டு. நான் ஒரேயடியாக ஐந்து கோடு போட்டும் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் உடம்பு இரும்பு.

போத்தலில் பேர் ஒட்டவில்லை என்று யோசிக்க வேண்டாம். இஞ்சை நல்ல மருந்தெல்லாம் இப்படித்தான். ஒருவருக்கும் சொல்லவும் வேண்டாம். என் விசா பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க மகன் சுதாகரன் கொஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு அலைகிறான். இது தெரிந்தால் என்னை வேலையால் நிற்பாட்டிப் போடுவான்.

சிவபாக்கியம்


பரந்தன்
19.05.2014

மச்சாளுக்கு,

இடக்கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஐந்து கோடு போட்டதென்று நானும் மூன்றாம் கிழமை ஐந்து போட்டேன். விடிய எழும்ப, கை தோள்வரை வீங்கி அனல் மாதிரிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன மருந்தம்மா? பேர் தெரிஞ்சால்தானே உள்ளுக்கை என்ன போனதெண்டு பாத்து வைத்தியம் செய்யலாம்" என்றார்.

விஜிதா உங்களுக்குப் போன் எடுத்தாள். "நான் ஒண்டும் அனுப்பேல்லைப் பிள்ளை, உன்ரை அம்மா ஆரிட்டையோ வாங்கியிருக்கிறா" என்று சொன்னீர்களாம். கட்டிலடியில் வந்து நின்று, "ஏனம்மா பொய் சொல்லுறியள்?" என்று கேட்டாள். வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

காயம் ஆறவில்லை. பேரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

ஞானம்பிகை


பலெர்மோ
08.06.2014

என் ஆசை மச்சாள்,

உம்முடைய கடிதத்தை பொலிதேயாமா பஸ்ஸில் வைத்து வாசித்து, இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டு அழுதேன். விஜிதா போன் எடுத்த நேரம் மகனும் மருமகளும் சாப்பாட்டுக் கோப்பையோடு முன்னால் இருந்தார்கள். வாயில் வந்தது அதுதான்.

உண்மையைச் சொல்கிறேன். அது நாய்களின் தோல் வருத்தத்துக்குச் செய்த மருந்து. போத்தலில் நாயின் படம் இருக்கும். சிஞ்ஞோராமார் அதை வெட்கமில்லாமல் மேசையில் வைப்பார்கள். மச்சாளுக்கு நாய் மருந்து அனுப்பினாள் என்று பரந்தன் முழுக்கச் சிரிக்குமே என்று பயந்து, படமும் பேரும் இருந்த தாளைச் சுடுதண்ணியில் ஊறவைத்து நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

ஐந்து கோடு நான் போட்டதில்லை, இரண்டுதான். முதல் இரண்டு கிழமை உடம்பு இலேசானது உண்மை. பிறகு பழையபடி. நாலு மாடி என்று உமக்கு எழுதின அன்று, இரண்டாம் மாடிப் படியிலேயே இருந்துவிட்டேன். அங்கிருந்த கிழவர் தண்ணீர் தந்தார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கொப்பி உண்டு. அவரவருக்கு வந்த நன்மை தீமையைச் சொல்ல, எமிலியானா எழுதுவா. அந்நியருக்கு முன்னால் "எனக்குப் பயனில்லை" என்று சொன்ன எனக்கு, உமக்குச் சொல்ல வாய் வரவில்லை. வெளிநாடு போனவள் பிறத்தியார் வீடு துடைக்கிறாள், வருத்தமும் மாறவில்லை என்று எப்படி எழுத? எனக்கு மிஞ்சினது மானம் ஒன்றுதான்.

வயதில் மூத்தவள், உம்மிடம் கை கூப்புகிறேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதும்.

பாவி
சிவபாக்கியம்


கிளிநொச்சி ஆஸ்பத்திரி
30.06.2014

சிவபாக்கியம் அவர்களுக்கு,

நான் சொல்ல விஜிதா எழுதுகிறாள். உங்கள் கடிதத்தை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். முடித்ததும் என் காலடியில் இருந்து அழுதாள். அந்த அளவில் உங்களுக்கு நன்றி.

நாய் மருந்து என்று சொல்லியிருந்தாலும் நான் போட்டிருப்பேன். ஐந்து வருடம் படுத்துக் கிடந்தவளுக்கு நாயென்ன, மாடென்ன.

நாளைக்குக் கையை இரண்டாம் தரம் கீறுகிறார்கள். டொக்டர் இன்றும் வந்து கேட்டார். விஜிதா உங்கள் நாலு பக்கத்தையும் திரும்ப முதலில் இருந்து பார்த்தாள். உங்கள் மானம் இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, அழுகை இருக்கிறது.

மருந்தின் பேர் இல்லை.

ஞானம்பிகை