ஐந்தாம் தேதிப் பணம்

கே.கே. நகர்,
திருச்சி.

அன்பு மகள் ஆன்சிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, உன் சுகம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று லால்குடி பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போனில் பேசினால் நீ அழுகிறாய், அழுகிற பிள்ளையைத் திட்ட எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

போன வாரம் உன் அத்தை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் நம் மாதா கோயில் பங்குக்காரர்கள் இரண்டு பேர். காது மந்தமான நாளிலிருந்து என் போன் ஸ்பீக்கரில்தான் பேசும், உனக்குத் தெரியாததா. திருவானைக்காவல் தாண்டும்போது ஒருத்தன் போனில் கூப்பிட்டான். "ஆன்சியோட அம்மாவா? உங்க பொண்ணு மூணு மாசமா கார்டு பணம் கட்டல, போனையும் எடுக்க மாட்டேங்குது. கடன் வாங்கினா கட்டணும்னு சொல்லி வளக்கலையா நீங்க?" என்றான். நான் சத்தத்தைக் குறைக்க அமுக்கியது கூட்டுகிற பொத்தான். டோல்கேட் வருவதற்குள் உன் பெயர், என் பெயர், நீ புனேயில் படிக்கிற காலேஜ் எல்லாவற்றையும் பஸ்ஸுக்கே அறிவித்துவிட்டான். "நான் எப்படி வளத்தேன்னு எனக்குத் தெரியும், நீ போனை வைடா" என்று கத்தினேன். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். விருந்தில் போட்ட பிரியாணியை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். உன் அத்தை இரண்டு தடவை வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள், வெயில் என்று சொல்லிவைத்தேன்.

திரும்பும்போது ஸ்ரீரங்கத்தில் இறங்கி நேராக யமுனா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து உன் வண்டவாளம் எல்லாம் தெரிந்தவள் அவள்தானே. முதலில் மழுப்பினாள். நான் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், "ஆன்ட்டி, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மாதாமாதம் ஐந்தாம் தேதி நீ எனக்கு அனுப்பிய ஐயாயிரம் எங்கிருந்து வந்ததென்று. கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் போட்டுப் பணமாக எடுத்திருக்கிறாய். பில் வரும்போது குறைந்தபட்சம் என்று போட்டிருக்கிற தொகையை மட்டும் கட்டிவிட்டுக் கடன் அடைகிறது என்று நினைத்திருக்கிறாய். கார்டு முடங்கின பிறகாவது நிறுத்தினாயா? டியூஷன் எடுத்த காசை எனக்கு அனுப்பிவிட்டு, ராத்திரிக்கு வாழைப்பழமும் தண்ணீரும் என்று யமுனா சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை ஆன்சி, உன்னை நாலு அறை அறைய வேண்டும்போல் வந்தது. எதிரில் இருந்திருந்தால் முப்பத்தெட்டு வயதென்றும் பார்த்திருக்க மாட்டேன்.

உன்னிடம் பணம் கேட்டது யார்? வேலையை விட்டுப் படிக்கப் போகிற அன்றே ஸ்டேஷனில் வைத்துச் சொன்னேன், உன் அப்பாவின் ரயில்வே பென்ஷன் எனக்குப் போதும், நீ ஒன்றும் அனுப்பாதே என்று. நீ, "ஸ்காலர்ஷிப் வருதும்மா, அதுல மிச்சம்" என்றாய். வேலைக்குப் போன முதல் மாதத்திலிருந்து விடாமல் கொடுத்த கை, நிறுத்தினால் ஊர் பேசும் என்று உனக்குப் பயம். ஊரா உனக்குச் சோறு போடுகிறது? இன்னொன்றும் கேட்டுக்கொள், கேட்டுவிட்டு எங்கேயாவது போய் முட்டிக்கொள். நீ புனேயிலிருந்து அனுப்பியதில் நான் ஒரு ரூபாய் தொடவில்லை. நீ வக்கீலாகி வந்ததும் மேசை, நாற்காலி, சட்டப் புத்தகம் வாங்க என்று அத்தனையையும் பேங்க்கில் ஆர்.டி. போட்டேன். நீ வருஷத்துக்கு நூற்றுக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் வட்டிக்கு வாங்கி அனுப்புகிறாய், நான் அதை ஆறரை வட்டிக்குப் போட்டு மகளுக்குச் சேர்க்கிறேன். அம்மாவும் மகளும் சேர்ந்து நடத்திய இந்த வியாபாரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதைவிடப் பெரிய கோபம் எனக்கு வேறு. அன்று ராத்திரி நான் போன் செய்ததும் நீ சொன்னாயே, "படிப்பை விட்டுட்டு வந்துடறேம்மா, பழைய வேலைக்கே போய்க் கடனை அடைச்சிடறேன்" என்று. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் பதினான்கு வருஷம் உட்கார்ந்து, என்ன ஏதென்று தெரியாமல் ஜனங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, சட்டம் படித்து அவர்களுக்காகப் பேசுவேன் என்று என்னிடம் சண்டை போட்டுக்கொண்டு போனவள் நீ. இந்த வயதில் படிப்பா என்று உன் அண்ணன் ஸ்டீபன்ராஜ் கேட்டபோது அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவள் நான். கடைசி வருஷத்தில் வந்து விட்டுவிடுவாயா? அப்படி வருவதாக இருந்தால் இந்த வீட்டுக்கு வராதே. உன் சாவியை யமுனாவிடம் கொடுத்து அனுப்பு.

இனி நான் செய்ததைக் கேள். ஆர்.டி.யை உடைத்துவிட்டேன். எதிர்வீட்டு பிராங்க்ளின், அதுதான் கூட்டுறவு பேங்க்கில் இருக்கிறானே, அவனிடம் யாருக்கோ என்று சொல்லிக் கேட்டேன், யாருக்கென்று அவனுக்குப் புரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. "கார்டுல பணமா எடுத்தா எடுத்த அன்னையிலேருந்து வட்டிங்க அத்தை. மினிமம் கட்டினா அபராதம்தான் வராது, வட்டி பாட்டுக்கு ஓடும்" என்றான். ஆர்.டி. பணத்தை உன் கணக்கில் போட்டிருக்கிறேன், முழுவதையும் இந்தக் கடிதம் வந்த அன்றே கார்டுக்குக் கட்டு. மிச்சத்துக்கு பேங்க்குக்கு எழுதி, மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல், போனில் எவன் எதைச் சொன்னாலும் எழுத்தில் அனுப்பச் சொல். வசூலுக்குக் கூப்பிடுகிறவன் பாதி கட்டினால் போதும் முடித்துவிடலாம் என்பானாம், அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதே, பின்னால் எங்கே கடன் கேட்டாலும் அது வந்து நிற்குமாம். செல்போனில் உடனே கடன் தருகிறேன் என்று வருகிற பாவிகள் பக்கம் தலை வைத்தும் படுக்காதே. அந்தக் கார்டைக் கத்தரியால் வெட்டி, வெட்டினதைப் போட்டோ எடுத்து அனுப்பு. போன் வந்தால் எடுத்துப் பதில் சொல், நீ ஒளிந்துகொண்டதால்தான் அவன் என் மடிக்கு வந்தான்.

அண்ணனிடம் நான் சொல்லவில்லை, நீயும் இப்போது சொல்லாதே. முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது, வெட்டிப் போட்டேன். மாங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் பார்சலில் வருகிறது, ராத்திரி சோறு பொங்கித் தின்னு. உன் அப்பா நினைவுத் திருப்பலிக்கு வர டிக்கெட் எடுக்காதே, பரீட்சை நேரம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மாதா உன்னோடு இருப்பாள், நன்றாகப் படி, நன்றாக இரு.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஐந்தாம் தேதி காலையில் பேங்க்குக்குப் போய்ப் பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்ப்பேன். உன் பணம் வந்திருந்தால் என் மகள் பட்டினி கிடக்கிறாள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அன்றைக்கே புனேக்கு ரயில் ஏறுவேன். ஒன்றும் வராமல் இருந்தால், வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா,
வியாகுலம்மாள் தைரியராஜ்