கம்பியில் கட்டிய சிவப்பு மப்ளர்

ஷோப்ரோன்

அண்ணனுக்குப் பிறந்து என் மகளாகவே வளர்ந்த பொர்பாலாவுக்கு, சித்தப்பா லாயோஷ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் டொரோன்டோவில் சுகமாக இருப்பீர்கள் என்று எனக்கு முன்னமே தெரியும், இங்கேயும் அத்தனையும் நான் சொன்னபடிதான் நடந்தது. அம்மாவுக்குக் காது இன்னும் எவ்வளவு கேட்கிறது, மோசமென்றால் உடனே புறப்படுகிறேன், இல்லையென்றால் கோடையில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அண்ணி டெலிபோனில் பேசுவதை நிறுத்தியதும் பயந்துவிட்டாய் போலிருக்கிறது. டாக்டரை நம்பாமல் நானே சோதித்துவிடலாம் என்று அவளை வியன்னாவுக்கு ரயிலேற்றி, பாட்டு நாடகம் பார்க்க ஆபராவுக்கு அழைத்துப்போனேன், ஆயுசுக்கும் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதானே.

நம் வசதிக்கு நாற்காலி எங்கே, நின்று பார்க்கிற இடம்தான், ஆனால் ராஜாவே ஒரு காலத்தில் அங்கேதான் நின்றாராம். உள்ளே போனதும் முன்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிட்டால் இடம் நமக்கு, பிறகு வெளியே போய்வரலாம், ஒருவரும் தொடமாட்டார்கள். நீ அனுப்பிய சிவப்பு மப்ளரை நான் நாலு பேர் இடத்துக்கு விரித்துக் கட்டினேன். அங்கே வாடிக்கையாக வந்து நிற்கும் ஹெட்விக் என்ற அம்மாள், "ஏங்க, துணி காயப்போட வந்தீங்களா? ஆளுக்கு ஒரு முடிச்சுதான்" என்றாள். நான் என் ஜெர்மனில், "பாடப்போறவன் என் சிநேகிதன், அவன்தான் இப்படிக் கட்டச் சொன்னான்" என்றேன். "அப்ப மேடையிலயே போய்க் கட்டுங்க" என்றாள், வரிசையே சிரித்தது, மப்ளரைச் சுருக்கிக்கொண்டேன். எல்லோரும் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள், அண்ணி மட்டும் வரமாட்டேன் என்று முடிச்சைப் பிடித்தபடி நின்றுவிட்டாள், கொழுப்பு தடவிய ரொட்டியை நானே படியில் உட்கார்ந்து தின்றேன்.

ஆயிரம் வயலின் இருக்கும், கதாநாயகி செத்தபிறகும் பாடினாள். அவள் தணிந்து பாடிய இடத்தில் அண்ணி என் கையைக் கிள்ளி, "நம்ம பொர்பாலா குரல் மாதிரியே இருக்குல்ல" என்றாள். ஆகையால் நீ நிதானமாகக் கோடையிலேயே வா. பிளம் மரத்தை வெட்டிவிட்டேன், கூரை ஒழுகவில்லை. மாப்பிள்ளையைப் பனியில் தொப்பி இல்லாமல் நடக்கவிடாதே.

இதுவரை எழுதியதை அண்ணி வாசித்துத் தலையாட்டிவிட்டாள். இப்போது கோழிக்குத் தீனி போடப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் இதை எழுதி உறையை ஒட்டவேண்டும். அவள் கிள்ளினதாகவும் சொன்னதாகவும் எழுதியது என் கைச்சரக்கு. மற்றவர்கள் கைதட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளும் தட்டினாள், மற்ற நேரமெல்லாம் கை கம்பியிலேயே இருந்தது. திரும்பும் ரயிலில், "மேளம் அடிக்கிறப்ப கம்பி அதிர்ந்துச்சு லாயோஷ், அதான் கையை எடுக்கல. எல்லாம் கேட்டுச்சுன்னு அவளுக்கு எழுதிடு, இல்லன்னா வேலையை விட்டுட்டு ஓடிவந்துடுவா" என்றாள். காதோரம் வாயை வைத்துப் பேசினால் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. கோடை வரை அது இருக்குமா என்று மட்டும் என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

கடவுள் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். புறப்படும் தேதியை என் பெயருக்கு எழுது, அவள் பெயருக்கு வேண்டாம்.

உன் சித்தப்பா,
லாயோஷ்