ஒரே தொட்டியில் கலந்தது

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
ஆவணி 9, ஞாயிறு

அன்பு மகன் சந்தோஷ்குமாருக்கு அம்மா துளசி எழுதுவது. கர்னாலில் உன் உடம்பும் மாட்டுத் தீவன ஆராய்ச்சியும் ஒழுங்காக இருக்கட்டும். இங்கே தவிட்டுக் கடைக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் மருமகள் இளவரசியின் இரத்தத்தில்தான். ஏழாம் மாதத்தில் இரத்த அளவு ஏழு புள்ளி ஆறு என்று போனில் கேட்டதும் நீ பதறினாய். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் பேசினால் பக்கத்து அறையில் இருப்பவள் காதில் விழும். நீ கேட்ட வைக்கோல், தவிடு மாதிரிகளைக் கட்டும்போது இதையும் பார்சலுக்குள் வைக்கிறேன்.

முதலில் மாட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் பஞ்சாட்சரம் அண்ணன் தெருவில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். எல்லம்மாளின் செவலைப் பசு கட்டை அறுத்துக்கொண்டு வந்து பாவின் ஓரத்தை வாயில் போட்டுச் சப்பிவிட்டது. நூறு இழைக்கு மேல் போயிற்று. எல்லம்மாள் நம்மிடம் தீவனம் எடுப்பவள் என்பதால் அவர் நேராக நம் கடைக்கு வந்தார்.

"ஏம்மா துளசி, தீவனத்துல என்னாதான் போடுற? மாடு பட்டு கேக்குது. நாளைக்கு ஜரிகை கேக்கும்."

கஞ்சி வாசனைக்கு வந்தது என்று எல்லம்மாள் சமாளித்தாள். எனக்கு அது ஒத்துவரவில்லை. தினமும் ஒரு வாளி கஞ்சி குடிக்கிற மாடு, கஞ்சிக்காகவா கட்டை அறுக்கும்? கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். மாட்டின் தலை உயரத்துக்குச் சுவரில் சுண்ணாம்பே இல்லை. செங்கல் தெரிய நக்கியிருக்கிறது. பழைய செருப்பு ஒன்றும் பாதி மென்று கிடந்தது. பாஸ்பரஸ் குறைந்தால் மாடு கண்டதையும் மெல்லும் என்று நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

பாதிக்குக் கொடு, பாதிக்குக் கொடுக்காதே, அப்புறம் பார் என்பாயே, அப்படியே செய்தேன். எல்லம்மாளின் நாலு மாட்டில் இரண்டுக்கு மட்டும் தாது உப்புக் கலவை. ஐந்து வாரத்தில் அந்த இரண்டும் சுவரை விட்டுவிட்டன. கலவை கொடுக்காத ஒன்றும் விட்டுவிட்டது. அது ஏன் என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் தீவன நேரத்தில் போய் நின்று பார்த்தால், அந்தக் கள்ளி பக்கத்து மாட்டின் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறது. இனிமேல் சோதனை என்றால் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

இந்தப் பெருமையில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

இளவரசிக்குச் சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்கள். இரும்பு மாத்திரை போட்டாலே வாந்தி எடுத்தாள். மாட்டுக்குச் சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகம் எல்லாம் ஒரே தொட்டியில்தானே கலக்கிறோம் என்று நினைத்தேன். இரண்டு மாத்திரையையும் அம்மியில் பொடித்து, பால் விட்ட கேழ்வரகுக் கஞ்சியில் கரைத்து, தினமும் காலையில் என் கையாலேயே கொடுத்தேன். வாய் கசக்கிறது என்றாள். மேலே ஒரு டம்ளர் டீயும் கொடுத்தேன். வாந்தி நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன்.

அவள் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னாள், நர்ஸ் சுகாசினி இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்றதாக. இருபது வருஷமாகக் கலவை போடுகிறேன், எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அதன்பிறகும் அவள் தினமும் கொடுத்ததைக் குடித்தாள்.

இரண்டு மாதத்தில் ஒன்பதரையாக இருந்த இரத்தம் ஏழு புள்ளி ஆறுக்கு வந்துவிட்டது. சுகாசினி சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டாள். நான் பக்கத்திலேதான் நின்றேன். இளவரசி என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நான்தான் பாதி நாள் மறந்துட்டேன் சிஸ்டர்."

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவளுக்குத் திட்டு விழுந்தது. கடையில் ஒரு பிடி தவிடு குறைந்தால் ஊரைக் கூட்டுகிற நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆட்டோவில் வரும்போது ஏன்டி அப்படிச் சொன்னாய் என்றேன். "நீங்க அங்க நின்னு திட்டு வாங்கினா எனக்குத் தாங்காது அத்தை" என்றாள்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் நீயும் அவளைத் திட்டினாய். "மாடுகூட சொன்னா கேக்குது, உனக்கு என்னா?" என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. அதற்கும் அவள் சரி, இனிமேல் போடுகிறேன் என்றுதான் சொன்னாள். அப்போதும் நான் பேசவில்லை.

மறுநாள் தனியாகப் போய்ச் சுகாசினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கால்சியமும் பாலும் டீயும் சேர்ந்தால் இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது, பல மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றாள். வயிற்றுப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னாள். ஆக, முழுப் பழியும் என் கஞ்சிக்கா, பாதியா என்பது எனக்குத் தெரியாது. தொட்டியில் மாட்டுக்குச் செரிக்கிற கலவை மனுஷிக்கு ஏன் செரிக்கவில்லை? மாட்டுக்கும் அதில் பாதி வீணாகத்தான் போகிறதா? இது நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன், ஆராய்ந்து எழுது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இரும்பு மருந்தை ட்ரிப்பில் ஏற்றினார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை இன்னொன்று. நாலு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். ஏறிவிடும் என்கிறார்கள். ஊசி ஏறிய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னாள்.

உன்னிடமும் அவள் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வாள். நம்பாதே. ஒரு நாள்கூட அவள் மறக்கவில்லை. ரயிலில் இடம் கிடைத்தால் செவ்வாய்க்குப் பிறகாவது ஒரு வாரம் வந்து போ. கிடைக்காவிட்டால் பாதகமில்லை, ஆனால் கேட்டுப் பார்.

நீ பெரிய ஆராய்ச்சிக்காரனாக வர வேண்டும், உன் கலவையால் நாலு ஊர் மாடும் மனுஷரும் நோயில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேள். எனக்கு இந்த வயதில் அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. உனக்காவது வரட்டும், கேட்கும்போது இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கேட்டுவிடுப்பா.

உன் அம்மா,
துளசி